தங்கமீனுக்கு எவ்வளவு சாப்பாடு போடுவது?

தொட்டிப் பக்கம் என் நிழல் விழுந்தாலே போதும், இரண்டு தங்கமீன்களும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துவிடும். கொளத்தூரில் வாங்கி வந்த புதிதில், பாவம் பசிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை போட்டேன். மூன்றே வாரத்தில் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி கலங்கிவிட்டது.

அவை வந்தது பசியால் அல்ல. ஆள் வந்தால் தீனி வரும் என்று பழகிவிட்டன, அவ்வளவுதான். அதனால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் காலை ஏழரை, மாலை ஆறு. தினமும் அதே நேரம் என்றால் மீனின் மூளை அதற்கு முன்பே தயாராகிவிடும். ஏழே காலுக்கே நீச்சலில் வேகம் கூடுவதை நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது அளவு. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. விழுங்கியது நேரே குடலுக்குப் போகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ்தான் பசியின் கணக்குப்பிள்ளை. பட்டினி கிடந்தால் அங்கே நியூரோபெப்டைடு ஒய் என்ற, பசியைத் தூண்டும் வேதிப்பொருள் கூடி, 'தின்னு' என்று சொல்லும். உணவு குடலுக்குள் போனதும் கோலிசிஸ்டோகினின் என்ற ஹார்மோன் சுரந்து, 'போதும்' என்று சொல்லும். அந்தப் 'போதும்' வந்து சேர்வதற்குள் தீனி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மீன் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு மட்டும் போடுங்கள். என் மீன்களுக்கு, ஆளுக்கு எட்டு உருண்டை. போடுமுன் கொஞ்சம் ஊறவைத்துவிடுவேன்.

மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாத ஒரு மீன் இருக்கிறது. அவற்றில் சிலவற்றுக்கு மூளையில் 'போதும்' என்ற செய்தியை வாங்கிப் பசியை அடக்கும் எம்சி4ஆர் என்ற ஏற்பியின் மரபணுவே மாறிப்போய்விட்டது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். உணவு அரிதான இருட்டில், கிடைத்தபோது தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள அது உதவுகிறது. நம் தொட்டியில் அந்தப் பஞ்சம் இல்லையே!

புதிதாகக் கொண்டுவந்த மீன் ஓரிரு நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். பயத்தில் மூளையில் சுரக்கும் சிஆர்எஃப் என்ற ஹார்மோன் பசியையும் சேர்த்து அமுக்கிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தட்டாமல் விடுங்கள்.

மே மாதத்தில் கவனம் வேண்டும். தண்ணீர் சூடானால் மீனின் உடலும் சூடாகி, உள்ளே எல்லாம் வேகமாக எரியும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். தீனியைக் குறைத்து, காற்றுக் குழாயை நாள் முழுவதும் ஓடவிடுங்கள்.

பழகிய மீன் நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு தீனி தேடாதீர்கள். முதலில் தண்ணீரில் மீன் கழிவால் சேரும் அம்மோனியா என்ற நச்சைச் சோதித்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

நான் ஊருக்குப் போனால் பேரன்தான் பொறுப்பு. அவனிடம் டப்பாவைத் தருவதில்லை. என் பழைய மாத்திரைப் பெட்டியில் காலை, மாலை என்று உருண்டைகளை எண்ணிப் போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அறை மட்டும் காலி; அன்று மீன்களுக்கு விரதம்.