ஓஆர்எம் செஷனில் பழைய தரவு: எங்கே தவறுகிறோம்?

டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து பார்த்தால் ஆர்டரின் நிலை 'அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது. ஓஆர்எம் (டேட்டாபேஸின் வரிசைகளை, அதாவது row-களை, நிரலின் ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றித் தரும் நூலகம்) வழியாகப் படிக்கும் நிரலோ இன்னும் 'காத்திருக்கிறது' என்கிறது. லாக் ஃபைலில் செலக்ட் குவெரி (தரவைப் படிக்கும் கட்டளை) போனதற்கான தடயமும் இருக்கிறது. உடனே பலரும் கண்ணில் படும் இடத்திலெல்லாம் ரெஃப்ரெஷ் (ஆப்ஜெக்ட்டை டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றும் கட்டளை) போட ஆரம்பிக்கிறார்கள். பழைய மதிப்பு எந்த அடுக்கில் தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் எந்தத் திருத்தமும் குருட்டாம்போக்குதான்.

எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஹைபர்நேட், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் ஆகிய மூன்று ஓஆர்எம்களிலும் அடிப்படை ஒன்றே: ஒரு செஷனுக்குள் (ஏற்றிய ஆப்ஜெக்ட்டுகளை ஓஆர்எம் வைத்துக் கவனிக்கும் இடம்) ஒரு பிரைமரி கீக்கு (வரிசையை அடையாளம் காட்டும் மதிப்பு) ஒரே ஓர் ஆப்ஜெக்ட். அதே வரிசையை மறுபடி குவெரி செய்தால் எஸ்க்யூஎல் போகும், புதிய மதிப்புகளும் வந்து சேரும். ஆனால் அந்தக் கீக்கு ஏற்கெனவே ஆப்ஜெக்ட் இருப்பதால், வந்த மதிப்புகளை விட்டுவிட்டுப் பழைய ஆப்ஜெக்ட்டையே ஓஆர்எம் நம் கையில் கொடுக்கும். இது பிழை இல்லை. நீங்கள் மாற்றி, இன்னும் சேமிக்காத மதிப்பை நடுவில் வந்த ஒரு குவெரி அழித்துவிடக் கூடாதே! குவெரிகளை மிச்சப்படுத்தும் கேஷ் என்று இதை நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஆகவே முதலில் லாக் ஃபைலைப் பாருங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் எக்கோ அமைப்புக்கு 'டீபக்' என்று கொடுத்தால், திரும்பி வந்த வரிசைகளும் அதில் பதிவாகும். வந்த வரிசையில் புதிய மதிப்பு இருந்து ஆப்ஜெக்ட்டில் மட்டும் பழையது இருந்தால், காரணம் செஷன். அப்போது ஒரே ஆப்ஜெக்ட் என்றால் ரெஃப்ரெஷ், குவெரி முழுவதற்கும் என்றால் பாப்புலேட் எக்ஸிஸ்டிங் (வந்த மதிப்புகளை ஏற்கெனவே உள்ள ஆப்ஜெக்ட்டுகளில் நிரப்பும் அமைப்பு) போதும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில் ரீலோட் இருக்கிறது. வெறுமனே படிப்பதற்கு, ஆப்ஜெக்ட்டைக் கண்காணிப்பில் வைக்காத ஆஸ் நோ டிராக்கிங் நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: ரெஃப்ரெஷ் செய்தால் அந்த ஆப்ஜெக்ட்டில் சேமிக்காத மாற்றங்கள் போய்விடும்.

வந்த வரிசையே பழையதாக இருந்தால்? இங்கேதான் நிறையப் பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சினில் இயல்பான தனிமை நிலை (மற்றவர்களின் மாற்றங்கள் எப்போது தெரியும் என்ற விதி) ரிப்பீட்டபிள் ரீட். டிரான்சாக்ஷனில் (ஒரே தொகுப்பாக நடக்கும் டேட்டாபேஸ் வேலைகள்) முதன்முறை படிக்கும்போது எடுத்த காட்சியையே அது முடியும்வரை சாதாரண செலக்ட்டுக்குக் காட்டும். போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல்லில் இயல்புநிலை ரீட் கமிட்டட். ஒவ்வொரு குவெரிக்கும் அதுவரை கமிட் ஆனது (உறுதியாகச் சேமிக்கப்பட்டது) தெரியும். ஒரு வேலை முடிந்ததா என்று லூப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் நிரல், போஸ்ட்கிரெஸ்ஸில் ஒழுங்காக ஓடிவிட்டு மைஎஸ்க்யூஎல்லில் முடிவே இல்லாமல் சுற்றுவது இதனால்தான். எத்தனை ரெஃப்ரெஷ் போட்டாலும் பலன் இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் கமிட் அல்லது ரோல்பேக் (மாற்றங்களைக் கைவிடுதல்) செய்து டிரான்சாக்ஷனை முடித்துவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு கண்ணி. எஸ்க்யூஎல்ஆல்கெமி இயல்பாகவே கமிட்டுக்குப் பின் ஆப்ஜெக்ட்டுகளைக் காலாவதியாக்கி, அடுத்த முறை தொடும்போது புதிதாக ஏற்றும். அசிங்க் நிரல்களில் (ஒரு வேலை முடியக் காத்திருக்கும்போது மற்றதைச் செய்பவை) இந்த எக்ஸ்பயர் ஆன் கமிட் வசதியை அணைத்து வைப்பதுதான் வழக்கம். அணைத்துவிட்டால், கமிட் செய்து புது டிரான்சாக்ஷன் தொடங்கினாலும் ஆப்ஜெக்ட்டில் பழைய மதிப்பு அப்படியே நிற்கும்.

மொத்தமாக எல்லாவற்றையும் காலாவதியாக்கும் 'எக்ஸ்பயர் ஆல்' கட்டளையை ஆங்காங்கே தூவுவதும் சரியான தீர்வு இல்லை. நூறு ஆப்ஜெக்ட்டுகள் கையில் இருந்தால், ஒவ்வொன்றையும் தொடும்போது ஒரு செலக்ட் என்று நூறு போகும். செஷனின் ஆயுளைக் குறைப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு செஷன், பின்னணி வேலை ஒன்றுக்கு ஒரு செஷன் என்று வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் எழாது. நிரல் முழுவதற்கும் ஒரே குளோபல் செஷன் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பல வரிசைகளை ஒரே கட்டளையில் மாற்றும் மொத்த அப்டேட்டுகள் தனி ரகம். ஹைபர்நேட்டில் ஜேபிக்யூஎல் என்ற குவெரி மொழியில் எழுதும் அப்டேட், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 7-இல் வந்த எக்ஸிக்யூட் அப்டேட், எதிலும் நேராக எழுதும் எஸ்க்யூஎல் ஆகியவை ஏற்கெனவே ஏற்றிய ஆப்ஜெக்ட்டுகளைத் தொடுவதில்லை. ஸ்பிரிங் டேட்டாவில் மாடிஃபையிங் குறிப்போடு, அப்டேட்டுக்குப் பின் ஏற்றிய ஆப்ஜெக்ட்டுகளைக் கழற்றிவிடும் கிளியர் ஆட்டோமேட்டிக்கலி அமைப்பு இருக்கிறது. இயல்பில் அது அணைந்தே இருக்கும். ஜாங்கோவின் ஓஆர்எம்மில் ஐடென்டிட்டி மேப் (மேலே சொன்ன 'ஒரு கீக்கு ஒரே ஆப்ஜெக்ட்' ஏற்பாடு) கிடையாது, ஒவ்வொரு 'கெட்' அழைப்பும் புது ஆப்ஜெக்ட் தரும். அதற்காக முன்பே எடுத்து வைத்த ஆப்ஜெக்ட் தானாகப் புதுப்பிக்கப்படாது. ரெஃப்ரெஷ் ஃப்ரம் டிபி செய்துதான் ஆக வேண்டும்.

படிப்பதைவிட எழுதுவதில்தான் சேதம் பெரிது. கையிருப்பு 10 என்று படித்து, ஒன்றைக் கழித்து 9 என்று எழுதுகிறீர்கள். அதே நேரத்தில் இன்னொருவரும் 10 என்று படித்து 9 என்றே எழுதுகிறார். விற்றது இரண்டு, குறைந்தது ஒன்று. எழுதுவதற்குச் சற்று முன் ரெஃப்ரெஷ் செய்தால் இடைவெளி சுருங்கும், ஆனால் மூடாது. கழித்தலை டேட்டாபேஸிடமே விடுங்கள். ஜாங்கோவின் எஃப் எக்ஸ்பிரஷன் அதற்குத்தான். இல்லையென்றால், ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும் வெர்ஷன் எண்ணுக்கு அட்டவணையில் ஒரு பத்தி (column) வையுங்கள். அப்போது பழைய பதிப்பின் மேல் எழுத முயன்றால் சத்தமில்லாமல் போகாது, பிழையாக வெடிக்கும். மூன்றாவது வழி, வரிசையைப் பூட்டிவிட்டுப் படிப்பது. இதிலும் கவனம் தேவை: எஸ்க்யூஎல்ஆல்கெமியில் வரிசையைப் பூட்டும் வித் ஃபார் அப்டேட் மட்டும் போட்டால் பூட்டு கிடைத்துவிடும், ஆனால் ஆப்ஜெக்ட் ஏற்கெனவே செஷனில் இருந்தால் மதிப்பு பழையதாகவே இருக்கலாம். கூடவே பாப்புலேட் எக்ஸிஸ்டிங்கும் வேண்டும்.

டெஸ்ட்டுகளிலும் இதே வலை விரிந்திருக்கிறது. எழுதிய அதே செஷனில் திரும்பப் படித்துச் சரிபார்த்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்டை. கமிட் விட்டுப்போயிருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே தெரியும். சரிபார்ப்பதற்கு மட்டும் தனிக் கனெக்ஷனில் புதிய செஷன் ஒன்றைத் திறந்து படியுங்கள்.