பைத்தானில் கெட்டுப்போன ஜேசனைக் கையாள்வது எப்படி

வெளியிலிருந்து வரும் ஜேசன் (JSON, டேட்டாவை எழுத்துகளாகப் பரிமாறும் வடிவம்) ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்பி, அதைப் படிக்கும் லோட்ஸ் ஃபங்ஷனை வெறுமனே கூப்பிடாதீர்கள். ட்ரை, எக்செப்ட்டுக்குள் வையுங்கள், ஆனால் எல்லாப் பிழையையும் விழுங்கும் வெற்று எக்செப்ட் வேண்டாம். ஜேசனைப் படிக்க முடியாதபோது எழும் ஜேசன்டிகோட்எரரை மட்டும் பிடித்தால் எந்த வரி, எந்த எழுத்து என்பதை லைன்நோ, கோல்நோ இரண்டும் சொல்லிவிடும், அதை அப்படியே லாகில் எழுதிவைத்தால் டேட்டா அனுப்பியவரிடம் காட்டிக் கேட்கலாம்.

முதல் வரி, முதல் எழுத்திலேயே பிழையா? பெரும்பாலும் ஃபைல் காலியாக இருக்கும், இல்லையென்றால் ஜேசனுக்குப் பதில் எச்டிஎம்எல் எரர் பக்கம் வந்திருக்கும். விண்டோஸில் சேமித்த ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கலாம், யூடிஎஃப்-8-சிக் என்கோடிங்கில் திறந்தால் சரி.

எரரே வராமல் நுழைவதுதான் உண்மையான தொல்லை. என்ஏஎன் (எண் அல்லாதது), இன்ஃபினிட்டி (முடிவிலி) இரண்டையும் ஜேசனின் தர ஆவணமான ஆர்எஃப்சி 8259 அனுமதிப்பதில்லை, பைத்தானோ சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அவற்றைத் தடுக்க, லோட்ஸின் பார்ஸ்_கான்ஸ்டன்ட் அளவுருவுக்கு எரர் எழுப்பும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள். ஒரே கீ இரண்டு முறை வந்தால் கடைசியில் வந்தது மட்டும் நிற்கும், முந்தையது போன சுவடே தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட டேட்டா என்றால் லோட்ஸின் ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹூக் அளவுருவுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனில் சோதித்து நிராகரிப்பதே நல்லது.

மூடும் அடைப்புக்கு முன்னால் மிஞ்சிய கமாவை ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடி மாற்றும் முறை) போட்டு நீக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், ஸ்ட்ரிங்குக்குள் அப்படி இருக்கும் கமாவையும் அது தின்றுவிடும்.

அப்புறம், வயது என்ற இடத்தில் "முப்பது" என்று ஸ்ட்ரிங் இருந்தாலும் ஜேசன் இலக்கணப்படி அது செல்லும், அதனால் டைப்பையும் வரம்பையும் தனியே சோதியுங்கள். டேட்டாவின் அமைப்பைச் சோதிக்கும் ஜேசன்ஸ்கீமா லைப்ரரி இதில் பாதி வேலையைக் குறைத்துவிடும்.