தடைக்காலத்துல ஒரு வேலை: என்பிஏ டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்கள எடை போடுறது எப்படி

ஏப்ரல் 15 ஆச்சுன்னா எங்க பக்கம் விசைப்படகெல்லாம் கரையில கட்டிருவாங்க, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் எங்க போனாலும் ஒரே காட்சிதான், வலைய பழுது பாக்குறவன் பாப்பான், போட்டுக்கு பெயின்ட் அடிக்கிறவன் அடிப்பான், நான் மிச்ச நேரத்துல போன்ல பாஸ்கெட்பால் பாப்பேன். மே மாசம் சிகாகோவுல கம்பைன் (புதுப் பசங்கள அளந்து சோதிக்கிற முகாம்), ஜூன் கடைசியில டிராஃப்ட் (அமெரிக்காவோட என்பிஏ லீக் டீமெல்லாம் அந்தப் பசங்கள எடுக்குற நாள்), ரெண்டு மாசமும் சரியா பொருந்திப் போகும். "எவன் தேறுவான்னு எப்படிண்ணே சொல்ற"ன்னு கிரவுண்டுல தம்பிங்க கேட்டுக்கிட்டே இருக்கானுங்க, ஒவ்வொருத்தனுக்கா சொல்லி மாளல, அதான் இங்க எழுதிப்புடுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்ல, காசு கூட வச்சவன் தூக்கிட்டுப் போறதெல்லாம் கிடையாது, வரிசைதான். 30 டீம், 2 ரவுண்டு. பிளேஆஃப் போகாத 14 டீமுக்கு லாட்டரி போட்டு முதல் 4 இடம் யாருக்குன்னு முடிவு பண்ணுவாங்க. 2025-ல வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வச்சிருந்த டல்லாஸ் டீமுக்கு முதல் இடம் விழுந்துச்சு, கூப்பர் ஃப்ளாக்க எடுத்தாங்க. அமெரிக்கப் பையன்னா அந்த வருஷத்துக்குள்ள 19 வயசு முடியணும், ஸ்கூல விட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கணும், அதனாலதான் முன்னணிப் பசங்க பல பேர் காலேஜ்ல ஒரே ஒரு வருஷம் ஆடிட்டு வந்துர்றானுங்க. அந்த 30, 35 மேட்ச்தான் நம்ம கையில இருக்குற சரக்கு.

முதல்ல ஹைலைட்ஸ் பாக்குறத விடுங்க. அது ஐஸ்ல போட்டு மினுக்கி வச்ச மீன் மாதிரி, செவுளத் தூக்கிப் பாக்காம எவனாச்சும் சீலா வாங்குவானா? ஒரு பையனுக்கு முழு மேட்ச் மூணாவது பாருங்க, அதுல ஒண்ணு அவன் சொதப்புன மேட்சா இருக்கணும். சொதப்புன மேட்ச்லதான் விஷயமே இருக்கு, ஷாட் விழாத அன்னிக்கு டிஃபென்ஸாச்சும் ஓடுறானா, இல்ல இடுப்புல கை வச்சுக்கிட்டு ரெஃப்ரிய முறைக்கிறானான்னு தெரிஞ்சுரும்.

பாக்குறப்ப பந்து பின்னாடி போகாதீங்க. இது சொல்றதுக்கு ஈசி, செய்யுறது கஷ்டம், கண்ணு தானா பந்துக்குப் போயிரும். நான் என்ன பண்ணுவேன்னா போன் ஸ்கிரீன்ல அந்தப் பையன் மேல மட்டும் கண்ண வச்சு, பத்து நிமிஷம் அவன் காலையும் தலையையும் மட்டும் பாப்பேன். பந்து எதிர் மூலையில இருக்கும்போது இவன் தலை திரும்புதா, தான் மறிக்க வேண்டிய ஆளையும் பந்தையும் மாத்தி மாத்திப் பாக்குறானா, இல்ல பந்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்க, பின்னாடி அவன் மறிக்க வேண்டிய ஆளு நைசா கூடைப் பக்கம் புகுந்து லேஅப் போடுறானா? இந்த ஒண்ணு போதும், பாதிப் பேர கழிச்சுரலாம். காலேஜ்ல பந்து எப்பவும் இவன் கையிலதான் இருக்கும், இவன்தான் ஹீரோ, ஆனா என்பிஏ போனதும் அந்த டீம்ல ஏற்கனவே ரெண்டு ஹீரோ இருப்பானுங்க, பந்து இல்லாம முக்காவாசி நேரம் நிக்கிறதுதான் இவனுக்கு வேலையே.

அடுத்து ஒடம்பு. உயரத்த ஷூ இல்லாம எடுத்த அளவப் பாருங்க, அதவிட முக்கியம் ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவு நீளம், நின்னபடி கையத் தூக்குனா எவ்வளவு எட்டுதுங்கிறது, கம்பைன்ல இதெல்லாம் அளந்து வெளியிடுவாங்க. பந்தத் தட்டுறது தலை இல்ல, கைதான். விக்டர் வெம்பன்யாமாவுக்கு விரிச்ச கை 8 அடி. ஆனா கம்பைன்ல வர்ற எல்லா நம்பரையும் நம்பிடாதீங்க, 2007-ல கெவின் டூரன்ட்டால 185 பவுண்டு எடைய பெஞ்ச் பிரஸ்ல ஒரு தடவ கூட தூக்க முடியல, அந்த ஆளு அப்புறம் எவ்வளவு பெரிய ஸ்டார் ஆனான்னு ஊருக்கே தெரியும். அவனுக்கு முன்னாடி முதல் இடத்துல போன கிரெக் ஓடன முழங்கால் படுத்திருச்சு. முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு டீம் டாக்டருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது, அத மனசுல வச்சுக்கிட்டே பேசுங்க.

ஷூட்டிங்லதான் எல்லாரும் ஏமாறுவாங்க. ஒரு பையன் காலேஜ்ல ஒரு சீசன்ல 65 மூணு பாயின்ட் ஷாட் முயற்சி பண்றான்னு வைங்க, அதுல 5 ஷாட் கூடக்குறைய விழுந்தாலே சதவீதம் 7, 8 மாறிப்போவும். அப்ப 38 சதவீதத்துக்கும் 31 சதவீதத்துக்கும் நடுவுல இருக்குறது திறமையா, அதிர்ஷ்டமா? அதுக்குத்தான் ஃப்ரீ த்ரோவ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி ஷாட்ட) பாக்கணும். யாரும் கைய நீட்டல, அதே இடம், அதே தூரம், கையோட பதம் அங்கதான் தெரியும். மூணு பாயின்ட் சுமாரா இருந்தும் ஃப்ரீ த்ரோ 80-க்கு மேல வச்சிருக்கவன் பின்னாடி ஷூட்டரா தேற நிறைய வாய்ப்பு இருக்கு, 55-ல நிக்கிறவன்கிட்ட அந்த நம்பிக்கைய வைக்காதீங்க. காலேஜ்ல மூணு பாயின்ட் கோடு 22 அடி 1¾ இஞ்ச், என்பிஏவுல நேர் எதிர்ல 23 அடி 9 இஞ்ச், அதனால கோட்ட மிதிச்சு நிக்கிறானா, ரெண்டடி பின்னாடியிருந்தே அலட்சியமா போடுறானான்னு கவனிங்க. (எங்க கிரவுண்டுல இந்த சதவீதமெல்லாம் செல்லாது. உப்புக்காத்துல ரிங் ஒரு வருஷத்துல துருப்புடிச்சு ஒரு பக்கமா சாஞ்சுரும், சாயங்காலம் சோழகக் காத்து கிளம்பிருச்சுன்னா வலது மூலையில இருந்து போடுற பந்து போர்டயே தொடாது. அதுலயும் ஒரு பொடியன் காத்துக்கு ஏத்த மாதிரி ஒரு சாண் தள்ளிக் குறி வச்சு அடிக்கிறான், அவனுக்கு எந்தக் கம்பைன்ல மார்க் போடுறது?)

பாயின்ட் கணக்கப் பாத்து மயங்குறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு, ஷாட்ட வீணாக்காம ஒருத்தன் எவ்வளவு எடுக்குறான்னு காட்டும். அடிச்ச ஷாட் எண்ணிக்கையோட (விழுந்தது, விழாதது எல்லாம் சேத்து), ஃப்ரீ த்ரோ எண்ணிக்கைய 0.44-ஆல பெருக்கிச் சேத்துக்கங்க, அத ரெண்டால பெருக்கி, எடுத்த பாயின்ட்ட அதால வகுங்க. 18 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ, 20 பாயின்ட்டுன்னா 50.6 சதவீதம்தான் வரும். 9 ஷாட், 5 ஃப்ரீ த்ரோ, 16 பாயின்ட் எடுத்தவனுக்கு 71.4. பேப்பர்ல பேரு வர்றது 20 அடிச்சவனுக்கு, நான் எடுக்குறது 16 அடிச்சவன.

வயசு, அத மறந்துறாதீங்க. 22 வயசுக்காரன் 18 வயசுப் பொடியன்மேல ஏறி 25 பாயின்ட் அடிச்சா அதுல பெருமை என்ன இருக்கு. பின்னாடி பெரிய ஸ்டார் ஆன யானிஸ் 2013-ல 15-வது ஆளா போனப்ப வயசு 18, கிரீஸ்ல ரெண்டாம் டிவிஷன்ல ஆடிக்கிட்டிருந்தான், அன்னிக்கு எல்லாரும் அந்த டிவிஷனப் பாத்தாங்க, வயசையும் கையையும் பாத்தது மில்வாக்கி டீம்.

கண்ணோட்டம்னு ஒண்ணு இருக்கு, அடுத்து என்ன நடக்கும்னு முன்னாடியே பாக்குற கண்ணு, அத அளக்க டேப் கிடையாது. நான் 2018-ல மார்வின் பேக்லிய லூக்கா டோன்சிச்சுக்கு மேல வச்சவன், ஒத்துக்குறேன், பின்னாடி ஸ்டார் ஆனது டோன்சிச்தான். பேக்லியோட குதிப்பப் பாத்து அசந்துட்டேன், டோன்சிச் மெதுவா ஓடுறான், கொஞ்சம் சதைபோட்டு இருக்கான்னு கழிச்சுக்கட்டுனேன். அந்தப் பையன் 19 வயசுல ரியல் மாட்ரிட்டுக்கு ஆடி ஐரோப்பாவோட பெரிய லீக்கான யூரோலீக்ல அந்த சீசனோட எம்விபி (சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கியிருக்கான், வயசு வந்த ஆம்பளைங்களுக்கு எதிரா, அத ஏன் பாக்கலன்னு இன்னிக்கும் கீழக்கரையில இருக்குற காக்கா (அண்ணன்) ஒருத்தர் போன் போட்டா முதல்ல அதத்தான் கேப்பாரு. பின்னாடி பெரிய ஸ்டார் ஆன யோக்கிச் 2014-ல 41-வது ஆளா போனதும் இதே கதைதான், குதிக்க மாட்டான்னு கழிச்சாங்க, பாஸ் எங்க போகணும்னு மத்தவனுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சத யாரும் மார்க்ல சேக்கல. இப்ப நான் ஒவ்வொரு பாஸையும் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாக்குறேன், பந்து கைக்கு வந்து எத்தன நொடியில முடிவெடுக்குறான்னு.

நம்மாளு சத்னாம் சிங்கப் பத்திச் சொல்லாம முடியாது. 2015-ல 52-வது ஆளா டல்லாஸ் எடுத்துச்சு, இந்தியாவுல பொறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆளு, 7 அடி 2 இஞ்ச். என்பிஏவுல ஒரு சீசன் மேட்ச் கூட ஆடல. அதே ஜூன் மாசம்தான் கோல்டன் ஸ்டேட் குட்டையான அஞ்சு பேர எறக்கி கப்படிச்சாங்க, மெதுவா நகர்ற பெரிய ஆளுக்கு ஆட்டத்துலயே இடம் சுருங்கிக்கிட்டிருந்த நேரம். அதனால ஒரு பையன் பேரு எழுதுனா பக்கத்துலயே "இவன் எந்த வேலை செய்வான், யார கார்டு பண்ணுவான்"னு ஒரு வரி எழுதுங்க. அந்த வரி வரலன்னா பேர ரெண்டு இடம் கீழ இறக்குங்க.

லிஸ்ட்ட 1, 2, 3-ன்னு போடாதீங்க, கூட்டம் கூட்டமா பிரிங்க, முதல் கூட்டத்துல ரெண்டு பேரே இருந்தாலும் பரவால்ல. இன்னொன்னு, மாக் டிராஃப்ட் வேற, உங்க லிஸ்ட் வேற, எந்த டீம் யார எடுக்கும்னு ஊகிக்கிறது மாக், யாரு நல்லவன்னு நீங்க நினைக்கிறது லிஸ்ட். லிஸ்ட் எழுதி முடிக்கிற வரைக்கும் மாக் பக்கம் போயிறாதீங்க, அவன் சொன்னது நம்ம மண்டையில ஒட்டிக்கும்.

ஜூன் 14 ராத்திரிக்குள்ள எழுதி முடிச்சுருங்க, அதுக்கப்புறம் போட்டு கெளம்பிரும், நேரம் கிடைக்காது. டிராஃப்ட் அன்னிக்கு நமக்கு விடியக்காலை அஞ்சரை மணி, நோட்ட பக்கத்துல வச்சுக்கங்க, பேட்டரி ஃபுல்லா இருக்கட்டும், ரெண்டாவது ரவுண்டு இப்ப அடுத்த நாள் நடக்குது, அதையும் பாருங்க, யோக்கிச் வந்தது அதுலதான்.