பழைய டீசல் பிக்கப்பை மாற்றலாமா?

விற்பதா, வைத்திருப்பதா என்ற யோசனை வந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து சேஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பாருங்கள். இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங், பேரிங் மாற்றி மறுபடி ஓட்டிவிடலாம். ஆனால் சேஸ் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தாலோ, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் விரிசல் விட்டிருந்தாலோ, அந்த வண்டியில் இனிப் பணம் போட வேண்டாம்.

அப்புறம் இன்ஜின். சூடானதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓட விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும்.

செலவுக் கணக்கில் ஒர்க்‌ஷாப் பில்லை மட்டும் எழுதினால் போதாது. வண்டி நின்ற நாட்களில் போன வாடகையையும் சேர்த்து, புது வண்டியின் 12 மாதத் தவணையோடு ஒப்பிடுங்கள். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி எனும் தகுதிச் சான்றிதழை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பலரும் கேட்காமல் விடுவது ஓட்டத்தின் தூரம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகள் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வருபவை. அந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. சந்தைக்கும் கடைக்குமாக 2, 3 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் கரி எரியும். உள்ளூர் ஓட்டம் மட்டும்தான், சேஸும் உறுதி என்றால் பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பதே சரி என்பேன்.

கழிக்கத்தான் வேண்டுமென்றால் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். மத்திய விதிப்படி புதிய சரக்கு வண்டியின் வரியில் 15 சதவீதம் வரை சலுகைக்கு இடமுண்டு. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.