வீட்டுக்குள் மணக்கும் ஹோயாக் கொடி: முதன்முறை வளர்ப்பவர்களுக்கான செய்முறை

மல்லிகையைத் தொட்டியில் நட்டு வீட்டுக்குள் பூக்கவைக்க முயன்றவர்களுக்கு அதன் முடிவு தெரிந்திருக்கும். முழு வெயில் கிடைக்காத மல்லிகை இலைவிட்டுப் படருமே தவிர எளிதில் மொட்டு வைக்காது. சன்னலோர வெளிச்சத்திலேயே பூத்து, இரவில் அறையை மணக்கச் செய்யும் கொடி வேண்டுமென்றால் ஹோயாவை, அதிலும் தொடக்கநிலையினர் ஹோயா கார்னோசா என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். தோல்போன்ற தடித்த இலைகளும், மெழுகில் வார்த்ததுபோன்ற வெளிர் இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூக்கள் பந்தாகத் திரண்ட கொத்துகளும் கொண்ட இக்கொடி எருக்கின் உறவு. கிள்ளினால் எருக்கைப் போலவே பால் வடியும். 1810-ஆம் ஆண்டு இராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், தாமஸ் ஹாய் என்ற தோட்டக்காரரைச் சிறப்பிக்கும் வகையில் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார்.

வளர்ப்பதற்கு முன்பு ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காட்டில் ஹோயாக்களில் பெரும்பாலானவை மரக்கிளைகளைத் தொற்றி, பட்டை இடுக்கில் சேர்ந்த மக்கில் வேரூன்றி வாழ்பவை. மழை பெய்யும்போது நனைந்து, காற்றில் விரைவில் உலர்ந்துவிடும் வேர்கள் அவை. மல்லிகைக்கு நாம் செய்து பழகிய பணிவிடைகள் பலவும் இதற்கு ஆகாமல் போவதற்குக் காரணம் இதுவே.

முதல் படி: செடியைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு மூன்று தண்டுகளாவது உள்ள, இலை இடுக்குகளில் வெண்பஞ்சு போன்ற பூச்சி இல்லாத செடியை வாங்குங்கள். இதய வடிவில் ஒற்றை இலையை மட்டும் சிறு தொட்டியில் செருகி விற்பார்கள். அது கெர்ரி என்ற வேறொரு ஹோயா வகை. தண்டின் கணு ஒட்டியிராத இலை வேர்விடும், ஆண்டுக்கணக்கில் பசுமையாகவும் நிற்கும், ஆனால் கொடியாக வளராது. அழகுக்கு வாங்கினால் சரி, பூவுக்கு வாங்க வேண்டாம்.

இரண்டாம் படி: தொட்டியும் கலவையும்

அடியில் வடிதுளையுள்ள, சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் அகலத் தொட்டி போதும். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் அது இறுகி வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் (இலேசான வெண்ணிறக் கல் துகள்), சிறு மரப்பட்டைத் துண்டுகள் ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்து பயன்படுத்துங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேகமாக வளரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வேர் எட்டாத கலவையில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும். வேர்கள் தொட்டியை நெருக்கி நிறைத்திருக்கும் நிலையிலேயே ஹோயா நன்றாகப் பூக்கும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓரளவு மட்டுமே பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும்.

மூன்றாம் படி: வெளிச்சம்

பூக்காத ஹோயாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிச்சக் குறைவே காரணம். கிழக்கு நோக்கிய சன்னலின் ஓரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காலை வெயில் பட்டால் மிக நன்று. உச்சிவெயில் நேராகப் பட்டால் இலை மஞ்சளித்துக் கருகும். வெப்பநிலை 16 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது. 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் விடக்கூடாது.

நான்காம் படி: தண்ணீர்

கலவையின் மேல்பாதி உலர்ந்தபின், துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். நாள் கணக்கு வைத்து ஊற்றுவதைவிட இலையைக் கேட்பதே மேல்: விறைப்பாக இருந்தால் இன்னும் தாங்கும், மெதுவாக வளைத்தால் துவண்டு வளைந்தால் தாகம். இங்கே ஒரு பொறி உண்டு. இலை சுருங்கியிருக்கும்போது கலவையும் ஈரமாக இருந்தால், அது தாகத்தினால் வந்த சுருக்கமாக இராது. வேர் அழுகியதால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் வந்த சுருக்கமாகவே பெரும்பாலும் இருக்கும். அப்போது மேலும் ஊற்றாமல், செடியை வெளியே எடுத்து, கறுத்த வேர்களை வெட்டிவிட்டுப் புதிய உலர்ந்த கலவையில் நட வேண்டும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்த உரம் போதும்.

ஐந்தாம் படி: படரவிடுதலும் வெட்டாமலிருத்தலும்

கம்பி வளையத்திலோ சிறு கொம்பிலோ கொடியைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். இலையே இல்லாத நீண்ட தளிர்க்கொடிகள் வெறும் நரம்பாக நீளும். அவை பிடிமானம் தேடும் தண்டுகள், இலைகள் பின்னால் வரும். அவற்றைக் களையென்று வெட்டிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நானே செய்தேன். மல்லிகையைக் கவாத்து செய்து பழகிய கை, பூ உதிர்ந்ததும் ஹோயாவின் குட்டையான பூக்காம்புகளையும் ஒன்றுவிடாமல் கத்தரித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு கொத்துகூட வரவில்லை. மல்லிகை வெட்ட வெட்டப் புதுத் தளிரில் பூக்கும். ஹோயாவோ பூத்த அதே காம்பிலிருந்தே மறுபடி பூக்கும். காம்பை இழந்த கொடி புதுக் காம்பு விட்டுத்தான் பூக்க வேண்டியிருந்தது.

தண்டிலிருந்து புதுக் கன்று உண்டாக்க விரும்பினால், இரண்டு கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, பால் உலர்ந்தபின் ஒரு கணுவாவது புதையும்படி ஈரமான கலவையில் செருகினால் சில வாரங்களில் வேர்விடும். பால் சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும். கையுறை அணிவது நல்லது. இவ்வாறு வளர்த்த கன்று பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம்.

ஆறாம் படி: மொட்டுக் காலம்

மொட்டு தெரிந்தபின் தொட்டியை இடம் மாற்றுவதோ, கலவையை முற்றிலும் காயவிடுவதோ கூடாது; மொட்டுகள் மஞ்சளித்து உதிரும். இளந்தளிரிலும் மொட்டிலும் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். மாவுப்பூச்சியை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

மலர்ந்த கொத்து பகலில் ஏறத்தாழ மணமற்றே தோன்றும்; மாலை மங்கியபின்தான் மணம் எழும். சிறிய அறையில் சிலருக்கு அது திகட்டவும் கூடும், ஆகவே படுக்கையறையைவிடக் கூடமே ஏற்றது. பூக்களிலிருந்து பிசுபிசுப்பான தேன் சொட்டும் என்பதால் கொத்துக்குக் கீழே துணியோ மரச்சாமானோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூக்கள் தாமாக உதிரட்டும். எஞ்சும் காம்பு ஒவ்வொரு முறை பூக்கும்போதும் நுனியில் சிறிது நீளும். பழைய கொடியில் காம்பின் நீளத்தையும் அதிலுள்ள தழும்புகளையும் பார்த்தே அது பலமுறை பூத்திருக்கிறதென்று கண்டுகொள்ளலாம்.