சிச்லிட் தொட்டியில் கல் அடுக்குவது எப்படி? முதலில் கல், அப்புறம்தான் மணல்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் உள்ள ம்புனா வகை சிச்லிட் மீன்கள் பாறை இடுக்கில் வாழ்பவை. மணலை வாயால் அள்ளித் துப்பிக் குழி பறிப்பதும் அவற்றின் வழக்கம். மணல்மேல் கல்லை உட்காரவைத்தால் அடியில் பள்ளம் விழும், கல் கண்ணாடிமேல் சாயும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

36×18×18 அங்குலத் தொட்டிக்கு 25 முதல் 30 கிலோ கல் போதும். கருங்கல்லே நல்லது. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கிறதா? அது சுண்ணாம்புக்கல்; தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் (அமில-கார அளவு) ஏற்றும். ம்புனாவுக்கு ஆகும், மென்னீர் மீனான டெட்ராவுக்கு ஆகாது. சோப்பு போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கல்லை வேகவைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கலாம்.

காலித் தொட்டியின் அடியில் 5 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் ஒன்றை வெட்டிப் போடுங்கள். கூர்முனை ஒரே இடத்தில் அழுத்தினால் கண்ணாடி விரிசல் விடும். ஷீட் அந்தப் பாரத்தைப் பரப்பிவிடும்.

பெரிய கற்களின் தட்டையான முகம் கீழே. நான்கு பக்கக் கண்ணாடிக்கும் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள், பாசி சுரண்டக் கை போகவேண்டும். மேலே வரும் ஒவ்வொரு கல்லும் கீழ்க்கற்களில் மூன்று இடத்திலாவது பதியவேண்டும். இரண்டே இடம் என்றால் ஆடும். அப்போது கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் கொத்தனார் சொருகுவதுபோல ஒரு சில்லு. உயரம் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவேண்டாம்.

இனி சோதனை. மேல்கல்லைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளுங்கள். 10 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் 6 கிலோ சொச்சம்தான் கனக்கும், அதனால் உலர்ந்திருக்கும்போது லேசாக ஆடுவது உள்ளே இன்னும் எளிதாக நகரும். சந்தேகமான இணைப்புக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத சிலிகான் பசை வையுங்கள். கல் காய்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. 48 மணி நேரம் விடுங்கள். புளிப்பு நெடி முழுதாகப் போகாமல் தண்ணீர் விடாதீர்கள்.

பிறகு கழுவிய மணலைக் கற்களைச் சுற்றி ஒன்றரை அங்குலம் கொட்டுங்கள். மணல்மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கலங்காது.

பின்னாளில் மீன் பிடிக்க நேர்ந்தால், வலையை இடுக்கில் விட்டுக் குடையாதீர்கள். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுங்கள்.