ரீலோடிங் டை வாங்கும்போது பலர் செய்யும் தவறுகள்

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ ஷூட்டிங் கிளப்பில் சேர்ந்து ரீலோடிங் (சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்புவது) தொடங்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது எந்த பிரஸ் (கூட்டை டைக்குள் அழுத்தும் கருவி) வாங்கலாம் என்பதுதான். கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து குண்டைப் பொருத்தும் அச்சான டை கடைசியில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. இது தலைகீழ். பெரும்பாலான டைகள் 7/8-14 என்ற ஒரே மரையில் வருவதால் பெரும்பாலான பிரஸ்களில் பொருந்திவிடும். தோட்டா சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில்) ஒழுங்காக உட்காருமா என்பது டையின் கையில்தான் இருக்கிறது.

பெயரைப் பாதி படித்துவிட்டு வாங்குவது அடிக்கடி நடக்கிறது. போயர் போர்க்காலத்து மௌசருக்கு உரியது 7x57. பக்கத்து அலமாரியில் இருக்கும் 7x64 வேறு தோட்டா. 9 மி.மீ. என்றாலும் அப்படித்தான்: பாரபெல்லத்தின் கூடு 19 மி.மீ. நீளம், ஷார்ட் என்கிற 380-இன் கூடு 17. பீப்பாயில் பொறித்திருப்பதும், லைசென்ஸில் இருப்பதும், டைப் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியும், எந்தத் தோட்டாவுக்கு உங்களிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறதோ அதைத்தான் நிரப்பலாம்.

அடுத்தது கார்பைடு (மிகக் கடினமான, வழவழப்பான பொருள்) மோகம். 9 மி.மீ., 38 ஸ்பெஷல் போன்ற கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு டை இருந்தால் எண்ணெய் தடவும் வேலையே இல்லை, அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆனால் 308 போலக் கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு டை கார்பைடே ஆனாலும் மசகு தேவை. தடவாமல் ஏற்றினால் கூடு டைக்குள் இறுகிவிடும். அதிகமாகத் தடவினாலோ கூட்டின் தோளில், அதாவது கழுத்தை ஒட்டிய சரிவில், குழி விழும்.

ரைஃபிள்காரர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கூடு முழுவதையும் இறுக்கும் முழு அளவு டையா, கழுத்தை மட்டும் இறுக்கும் கழுத்து டையா? பழைய லீ-என்ஃபீல்டு 303-களின் சேம்பர் கொஞ்சம் தாராளமானது. சுட்ட கூடு அதற்கேற்ப விரிந்துவிடும். முழு அளவு டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி ஒவ்வொரு முறையும் தோளைப் பின்னே தள்ளினால், அடுத்த சுடலில் கூடு மறுபடி நீளும். நாலைந்து சுற்றில் அடிப்பக்கச் சுவர் மெலிந்து கூடு இரண்டாகப் பிய்யலாம். வெளியே ஒன்றும் தெரியாது. வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் நெருடும். இப்படிப்பட்ட போல்ட் ரைஃபிளுக்கு, அதிலேயே சுட்ட கூடுகளுக்கு, கழுத்து டை நல்லது. செமி ஆட்டோவுக்கும், ரேஞ்சில் பொறுக்கிய கலப்புக் கூடுகளுக்கும் அது ஆகாது; அங்கே முழு அளவுதான். அதையும் போல்ட் ரைஃபிளுக்கு என்றால் சேம்பர் அளவு பார்த்து, தோள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் நகரும்படி பூட்டினால் போதும். வேட்டைத் தோட்டாவுக்கு நான் எப்போதும் முழு அளவுதான் சொல்வேன். குடு மான் எதிரே நிற்கும்போது போல்ட் மூடவில்லை என்றால் என்ன செய்வது?

குண்டு நகராமல் கூட்டின் வாயை இறுக்கும் கிரிம்ப்பை யாரும் கேட்பதே இல்லை. ரிவால்வர் தோட்டா கூட்டின் அடி விளிம்பில் தாங்கி நிற்கும். அதனால் வாயை உருட்டி மடிக்கும் ரோல் கிரிம்ப் சரி. 9 பாராவும் 45 ஏசிபியும் கூட்டின் வாயில்தான் தாங்குகின்றன. வாயை மடித்துவிட்டால் தாங்க இடமில்லை, அவற்றுக்கு வாயை மடிக்காமல் லேசாகச் சரித்து இறுக்கும் டேப்பர் கிரிம்ப்தான். கிரிம்ப் அறவே தளர்வாக இருந்தாலும் ஆபத்து: தோட்டா சேம்பருக்குள் ஏறும்போது குண்டு கூட்டுக்குள் போய் அழுத்தம் கூடிவிடும்.

ஷெல் ஹோல்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில செட்டுகளில் வராது.

பழைய டை மலிவாகக் கிடைத்தால் டார்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். டர்பன் கடற்கரைக் காற்றில் எண்ணெய் போடாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உள்ளே கீறல் இருந்தால் ஏற்றும் ஒவ்வொரு கூட்டிலும் நீளக் கோடு விழும். கூட்டின் அடியிலிருந்து பழைய ப்ரைமரை (பொறி மூடியை) வெளியே தள்ளும் ஊசி உடைந்திருந்தால் மட்டும் விலை பேசி வாங்கிவிடலாம், ஊசி தனியாகக் கிடைக்கும்.